ஐஸ்பெட்டிக்குள் ஒரு கல்லீரல் – சிஸ்டரிடம் கேளுங்கள்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கோயமுத்தூரில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரலை எடுத்து, ஐஸ்பெட்டியில் வைத்து வாளையார் வழியாகக் கொச்சிக்குக் கொண்டுபோனோம் என்று. அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல்களும் வேறு எதற்கும் இதுவரை வந்ததில்லை, அதனால் இந்த முறை சர்க்கரைக்கும் முழங்கால் வலிக்கும் லீவு. கொச்சியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தபோது கண்ணால் பார்த்ததையும், கூட நின்ற டாக்டர்களிடம் நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

"சிஸ்டர், நான் கொச்சியிலிருந்து பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கு மீன் லோடு ஓட்டுறவன். ஐஸ் சரியாப் போட்டா மத்தி ரெண்டு நாள் தாங்குது. கல்லீரல் அரை நாளுக்கு மேல தாங்காதுன்னா அது என்னங்க கணக்கு?" – லாரி ஓட்டுநர், கொழிஞ்சாம்பாறை

அண்ணா, உங்கள் மத்தி செத்துப்போனது. அது நாறாமல் இருந்தால் போதும், யாரும் அதைத் திரும்ப நீந்தச் சொல்லப்போவதில்லை. கல்லீரல் அப்படியில்லை, பெட்டிக்குள் இருக்கிற நேரம் முழுக்க அது உயிரோடு இருக்க வேண்டும், வெளியே எடுத்து இன்னொருவர் வயிற்றில் வைத்து ரத்தம் விட்டதும் பித்தம் சுரக்க வேண்டும், ரத்தம் உறைவதற்கான சரக்கைத் தயாரிக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே.

குளிர் என்ன செய்கிறது என்றால் வேலையைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. உடம்புச் சூட்டிலிருந்து ஒவ்வொரு 10 டிகிரி இறங்கும்போதும் செல்லின் வேலை ஏறக்குறைய பாதியாகிறது. 4 டிகிரிக்கு வரும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிஞ்சும். அந்தப் பத்தில் ஒரு பங்குக்கும் பிராணவாயு வேண்டும், ஐஸ்பெட்டிக்குள் அது கிடையாது. கையிருப்பைத் தின்றுகொண்டே இருக்கிறது. இதயத்துக்கு 4 மணி நேரம், நுரையீரலுக்கு 6, கல்லீரலுக்கு 8 முதல் 12, சிறுநீரகத்துக்கு ஒரு நாள் என்று ஒரு பொதுக்கணக்கு வைத்திருப்பார்கள். 12 ஆனதும் பட்டென்று கெட்டுவிடும் என்றில்லை, ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும், அதனால் 6 மணி நேரத்தில் முடிகிற காரியத்தை யாரும் 10-க்கு இழுக்க மாட்டார்கள்.

எப்படிக் கட்டுகிறோம் என்பதையும், நீங்கள் தொழில்காரர் என்பதால் சொல்கிறேன். உடம்புக்குள் இருக்கும்போதே ரத்தக்குழாய் வழியாகக் குளிர்ந்த திரவத்தை லிட்டர் கணக்கில் விட்டு ரத்தத்தைக் கழுவி வெளியே தள்ளிவிடுவோம். கருஞ்சிவப்பாக இருந்த கல்லீரல் கண்ணெதிரே வெளுத்து, பால் விட்ட டீ நிறத்துக்கு வந்துவிடும், முதல் தடவை பார்க்கிறவர்கள் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு மூன்று பைகள். முதல் பையில் கல்லீரலும் அதே திரவமும், இரண்டாவதில் குளிர்ந்த உப்புநீர், மூன்றாவது பாதுகாப்புக்கு. ஒவ்வொன்றிலும் காற்றை வெளியேற்றி நாடாவால் இறுக்கிக் கட்டி, ஐஸ் நிரம்பிய பெட்டியில் இறக்குவோம். ஐஸ்கட்டி நேரடியாகக் கல்லீரலில் படவே கூடாது. பட்ட இடம் உறைந்து போகும். நீங்கள் ஐஸை வாரி மீன் மேலேயே கொட்டுகிறீர்களே, அது இங்கே நடக்காது.

"அப்ப ஃப்ரீசர்ல வெச்சு ஒரேயடியா உறைய வெச்சுட்டா பிரச்சினையே இல்லையே? மாசக்கணக்கில வெச்சுக்கலாமில்ல?" – இல்லத்தரசி, வேலந்தாவளம்

இந்தக் கேள்வியை டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளே கேட்பார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு தக்காளியை ராத்திரி ஃப்ரீசரில் போட்டுக் காலையில் எடுத்து வெளியே வையுங்கள். உருகியதும் தொளதொளவென்று தண்ணீர் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் உறையும்போது பெரிதாகும், கூரான படிகங்களாகும், அது செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். விந்தணு, கரு இதையெல்லாம் உறைய வைக்கிறார்களே என்பீர்கள், அவை கடுகிலும் சின்னது, உறைவதைத் தடுக்கும் மருந்து ஒரே சீராக உள்ளே போய்விடும். ஒன்றரைக் கிலோ கல்லீரலில் வெளிப்பக்கம் உறைந்த பிறகும் நடுப்பகுதி உறையாமல் இருக்கும், மருந்தை அதிகம் விட்டால் அதுவே விஷமாகிவிடும்.

இடையில் ஒரு சாமர்த்தியம் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்காரர்கள் மனிதக் கல்லீரலை மைனஸ் 4 டிகிரிக்குக் கொண்டுபோய், ஆனால் உறையவிடாமல், உடம்புக்கு வெளியே அதன் ஆயுளை 27 மணி நேரம் நீட்டிக்காட்டினார்கள், 2019-ல் வெளியானது. அது ஆய்வுக்கூடச் சோதனை, அந்தக் கல்லீரல்களை யாருக்கும் பொருத்தவில்லை.

"அந்தத் திரவத்தில் அப்படி என்ன இருக்கிறது சிஸ்டர்? வெறும் சலைன் போதாதா?" – பிளஸ் டூ மாணவி, நாட்டுக்கல்

கண்ணு, நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், உன் பயாலஜி மிஸ்ஸிடமும் காட்டு.

ஒவ்வொரு செல்லும் உள்ளே பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அதற்கென்று ஒரு பம்ப் உண்டு என்று படித்திருப்பாய். குளிரில் அந்தப் பம்ப் படுத்துவிடும். சோடியம் உள்ளே புகும், பின்னாலேயே தண்ணீரும் புகும், செல் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ஊதும். வெறும் சலைனில் போட்டால் இதுதான் கதி. ஆக, இரண்டு வேலை செய்ய வேண்டும்: வெளியே இருக்கிற திரவத்தின் உப்புக்கணக்கைச் செல்லுக்குள் இருக்கிற மாதிரியே பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு என்று மாற்றி வைக்க வேண்டும், அப்புறம் செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளைத் திரவத்தில் கலந்து தண்ணீரை வெளியே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சர், ஜேம்ஸ் சவுதார்ட் என்ற இருவர் 1980-களில் இதைச் செய்தார்கள். யூ.டபிள்யூ. திரவம் என்று இன்றைக்கும் அந்த ஊர் பேரில்தான் தியேட்டரில் கூப்பிடுகிறோம். அதற்கு முன்பு ஒரு கல்லீரலை ஏழெட்டு மணி நேரத்துக்குள் வைத்தாக வேண்டும் என்று நடுராத்திரியில் விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ராஃபினோஸ் என்று ஒரு சர்க்கரை. கொள்ளும் பயறும் தின்றால் வயிறு பொருமுகிறதே, அதற்குக் காரணமான சர்க்கரைகளில் அதுவும் ஒன்று, நம் குடலால் அதை உடைக்க முடியாது. இங்கே அது உள்ளே போகாமல் வெளியே நின்று தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. லாக்டோபயோனேட் என்று ஒன்று, அதுவும் அதே வேலைக்குத்தான். அல்லோபியூரினால் – உன் தாத்தாவுக்கு யூரிக் ஆசிட் ஏறிக் கால் பெருவிரல் வீங்கினால் கொடுப்பார்களே, அந்த மாத்திரையில் உள்ள அதே மருந்து. குளுட்டாதயோன், அடினோசின். கொஞ்சம் ஸ்டார்ச்சும் உண்டு, பெட்டிக்கடைச் சாமான் லிஸ்ட் மாதிரி. ஜெர்மனியில் பிரெட்ஷ்னைடர் என்பவர் இதய ஆபரேஷனுக்காகச் செய்த எச்.டி.கே. என்ற இன்னொரு திரவமும் பல இடங்களில் ஓடுகிறது, அது தண்ணி மாதிரி லேசாக இருக்கும், சீக்கிரம் பாயும்.

இதில் ஒரு கண்டம் உண்டு. யூ.டபிள்யூ. திரவத்தில் பொட்டாசியம் அதிகம் என்றேன் இல்லையா, கல்லீரலைப் புது ஆளுக்குள் வைத்துத் தைத்து, ரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்திருக்கிற கிளாம்ப்பைத் திறந்து ரத்தத்தை விடும்போது அந்தப் பொட்டாசியம் அப்படியே இதயத்துக்குப் போனால் இதயம் அடிப்பதை நிறுத்திவிடும். அதனால் திறப்பதற்கு முன்னால் கல்லீரலை இன்னொரு முறை கழுவுவார்கள். கழுவியும்கூட அந்த ஒரு நிமிடம் மயக்க மருந்து டாக்டரின் கண் மானிட்டரை விட்டு நகராது, தியேட்டரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் யாராவது போய் நிறுத்திவிடுவார்கள்.

சேதத்தில் பெரும்பங்கு ஐஸில் இருக்கும்போது தெரிவதில்லை என்பதையும் குறித்துக்கொள். ரத்தமும் பிராணவாயுவும் திரும்ப உள்ளே பாயும்போதுதான் அது வெளிப்படும்.

"என் மச்சினன் பைக் விபத்தில் மூளைச்சாவு. குடும்பமாக உட்கார்ந்து அழுது கையெழுத்துப் போட்டோம். சிறுநீரகம், கண் எடுத்தார்கள், கல்லீரலை மட்டும் 'வேண்டாம்' என்று விட்டுவிட்டார்கள். குடிகாரன் என்று நினைத்துவிட்டார்களோ என்று தங்கச்சி இன்றைக்கும் கேட்கிறாள்." – வாசகர், பாலக்காட்டுச் சித்தூர்

அண்ணா, தங்கச்சியிடம் இதைப் படித்துக்காட்டுங்கள்.

எந்த மருத்துவமனை, என்ன ரிப்போர்ட் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கல்லீரலை எடுக்காமல் விடுவது அடிக்கடி நடப்பது. வயிற்றைத் திறந்ததும் சர்ஜன் முதலில் பார்ப்பது நிறத்தையும் ஓரத்தையும். நல்ல கல்லீரலின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். கொழுப்பு ஏறியது மஞ்சள் பாய்ந்து, ஓரம் மழுங்கி உருண்டிருக்கும், விரலால் அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி குழி நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கொழுப்பு ஏற ஒரு சொட்டுக் கள்ளுகூடக் குடித்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரை, தொப்பை, பரோட்டா, உட்கார்ந்தே பார்க்கிற வேலை, இது போதும். சுத்த சைவம், காபிகூடக் குடிக்காதவர், அவருடைய கல்லீரலை நாங்கள் மேசை வரை கொண்டுவந்து திருப்பி வைத்திருக்கிறோம்.

அந்தக் கல்லீரல் அவருக்கே இன்னும் முப்பது வருஷம் உழைத்திருக்கும், அது வேறு. ஐஸ்பெட்டியைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. கொழுப்பால் ஊதிய செல்கள் பக்கத்தில் இருக்கிற நுண்ணிய ரத்தப் பாதைகளை நெருக்கிக்கொண்டிருக்கும், குளிரிலிருந்து வெளியே வந்து ரத்தம் பாயும்போது பாதை திறக்காது. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடுகிறதே, குளிரில் செல்லுக்குள் இருக்கிற கொழுப்பும் அப்படி இறுகிக் கெடுக்கிறது என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். வாங்கிக்கொள்கிறவர் ஏற்கெனவே சாகக் கிடப்பவர், அவருக்குள் போய் அது வேலை செய்யாவிட்டால் அடுத்த கல்லீரல் கிடைக்க இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். அந்தப் பயத்தில் விட்டிருப்பார்கள்.

கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு அதை வந்து சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது தப்பு. என் காலத்தில் நாங்களும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறோம்.

"மெஷினில் கல்லீரலை உயிரோடு வைக்கிறார்களாமே, யூடியூபில் பார்த்தேன். உண்மையா ரீலா?" – பால் சொசைட்டி ஊழியர், மீனாட்சிபுரம்

உண்மைதாங்க. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஃபிரெண்ட் என்ற சர்ஜனும் கான்ஸ்டன்டின் கூசியோஸ் என்ற இன்ஜினியரும் சேர்ந்து உருவாக்கியது ஒன்று. ஐஸே கிடையாது, 37 டிகிரிச் சூட்டில், ரத்தத்தையும் பிராணவாயுவையும் குழாய் வழியே ஓட்டுவார்கள், கல்லீரல் சிவப்பாகவே இருக்கும், பக்கத்தில் ஒரு குழாயில் பித்தம் சொட்டும். 2013-ல் லண்டனில் முதல்முறையாக அப்படி வைத்திருந்த கல்லீரலை மனிதருக்குப் பொருத்தினார்கள். 2018-ல் ஐஸ்பெட்டியோடு ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், சராசரியாகப் பாதிக்கு மேல் கூடுதல் நேரம் வைத்திருந்தும் கல்லீரல் சேதம் பாதியாகக் குறைந்திருந்தது, 'வேண்டாம்' என்று ஒதுக்கியதும் பாதியாகக் குறைந்திருந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஓணம் வந்தால் உங்கள் ஊர் செக்போஸ்ட்டில் பால் வண்டியை நிறுத்திக் கலப்படம் பார்த்துத்தானே கேரளாவுக்குள் விடுகிறார்கள். ஐஸ்பெட்டிக்குள் இருக்கிற கல்லீரலை அப்படிச் சோதிக்க முடியாது, அது வேலை செய்யுமா என்பது ஆளுக்குள் வைத்த பிறகுதான் தெரியும். மெஷினில் வைத்தால் லாக்டேட் என்கிற கழிவு இறங்குகிறதா, பித்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மேலே எழுதிய சித்தூர் அண்ணனின் மச்சினன் கல்லீரல் மாதிரி இரண்டுங்கெட்டானாக இருப்பதைக்கூட ஓட்டிப்பார்த்துத் தேறினால் எடுத்துக்கொள்ளலாம். நேரத்தை நீட்டுவதைவிட இந்தச் சோதனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குளிர்ந்த மெஷினும் உண்டு. கடைசி இரண்டு மணி நேரம் மட்டும் பத்து டிகிரி வாக்கில் பிராணவாயு கலந்த திரவத்தை ஓட்டுவது. நெதர்லாந்தின் குரோனிங்கன்காரர்கள், இதயம் நின்ற பிறகு எடுத்த கல்லீரல்களில் செய்து பார்த்தார்கள். பிற்பாடு பித்தக்குழாய் சுருங்கிப்போவது 18 சதவீதத்திலிருந்து 6-க்கு இறங்கியது, 2021-ல் வந்தது. பித்தக்குழாய்க்கு ஒரே ஒரு தமனிதான் சோறு போடுகிறது, அதனால் பட்டினியில் முதலில் வாடுவது அதுதான். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் 2021 மே மாதம், மூன்று நாள் மெஷினில் இருந்த கல்லீரலை ஒருவருக்குப் பொருத்தி அவர் நன்றாக இருந்திருக்கிறார்.

நம் நாட்டிலும் சில மருத்துவமனைகளில் மெஷின் வந்திருக்கிறது. ஆனால் ஒரு தடவை ஓட்டுகிற செலவே ரொம்ப அதிகம், அதனால் இன்றைக்கும் பெரும்பாலும் ஐஸ்பெட்டிதான்.

"என் அப்பா வீட்டிலேயே இறந்துவிட்டார். கல்லீரலைத் தரலாமா என்று கேட்டதற்கு முடியாது என்றார்கள். ஏன்?" – வாசகி, கோவிந்தாபுரம்

இதயம் நின்று உடம்புச் சூட்டிலேயே கிடக்கிற நேரம் ஐஸில் இருக்கிற நேரத்தைவிடப் பலமடங்கு கொடியது, கல்லீரல் நிமிஷக்கணக்கில் கெட ஆரம்பித்துவிடும். வென்டிலேட்டரில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது மூளைச்சாவு என்று டாக்டர் குழு இரண்டு முறை, ஆறு மணி நேர இடைவெளியில் சோதித்து உறுதி செய்தவர்களிடமிருந்துதான் நம் ஊரில் எடுக்கிறார்கள். வீட்டில் இறந்தால் கண்ணைத் தரலாம், ஆறு மணி நேரத்துக்குள். ஃபேனை நிறுத்துங்கள், இமையை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள்.

"தம்பிக்கு நான் கல்லீரலில் பாதி கொடுக்கப்போறேன். அதையும் ஐஸ்ல வைப்பாங்களா?" – வாசகி, ஆனைமலை

வைப்பார்கள் அம்மிணி, ஆனால் கொஞ்ச நேரம்தான். பக்கத்துப் பக்கத்துத் தியேட்டர், ஒரு பக்கம் எடுத்ததும் கழுவிக் குளிரவைத்து அடுத்த பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். நம் நாட்டில் கல்லீரல் மாற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. தைரியமாகப் போய்வாருங்கள், மிஞ்சியது வளரும்.

"எங்களுக்கு ரேஷன் கார்டு கேரளா, ஆஸ்பத்திரி கோயமுத்தூர். இங்கே எதாவது ஆனால் உறுப்பு எந்த மாநிலத்துக்குப் போகும்? போஸ்ட்மார்ட்டம் என்று உடம்பை இழுத்தடிப்பார்களா?" – வாசகர், வாளையார்

ரேஷன் கார்டைப் பார்ப்பதில்லை, தானம் நடக்கிற ஆஸ்பத்திரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில் உறுப்புக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலுக்குத்தான் முதலில் போகும். அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அரசு அமைப்பு தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான், கேரளாவில் 2012-ல் மிருதசஞ்சீவனியாகத் தொடங்கி இப்போது கே-சோட்டோ என்கிறார்கள். அங்கே பொருந்துகிற ஆள் இல்லையென்றால்தான் பக்கத்து மாநிலம். நாங்கள் அன்றைக்குக் கோயமுத்தூர் வந்ததும் அப்படித்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போஸ்ட்மார்ட்டம் இல்லை என்ற பழைய தொல்லை 2021 நவம்பரில் தீர்ந்தது, உறுப்பு தானம் என்றால் வசதியுள்ள இடத்தில் ராத்திரியிலும் செய்யலாம். ஆனாலும் தானம் என்று முடிவெடுத்தால் மொத்தத்தில் ஒரு நாளாவது ஆகும், சொந்தக்காரர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பந்தல்காரனிலிருந்து பெரியப்பா வரைக்கும் போன் மேல் போன்.

"அந்தப் பெட்டியை வெச்சுக்கிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தப்ப என்னக்கா நினைச்சீங்க?" – கல்லூரி மாணவன், எலப்புள்ளி

பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை தம்பி. பெட்டி மூடியில் ஒரு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, தானம் கொடுத்தவரின் ரத்த ஓட்டத்தை நிறுத்திக் குளிர் திரவத்தை விட ஆரம்பித்த நேரத்தை மார்க்கர் பேனாவில் எழுதியிருப்போம். அன்றைக்கு 2.10. கோயமுத்தூரிலிருந்து கொச்சி ஏறக்குறைய 190 கிலோமீட்டர், குதிரான் சுரங்கம் அப்போது திறக்கவில்லை, மலையேற்றத்தில் ஒரு லாரி மக்கர் பண்ணினால் போதும், மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். முன்னால் போலீஸ் ஜீப் போய்க்கொண்டிருந்தது. வடக்கஞ்சேரியில் டிரைவர், "சேச்சி, ஒரு சாயா?" என்று கண்ணாடியில் பார்த்தார். நான் பிளாஸ்திரியைக் காட்டினேன். அவர் கியரை மாற்றினார். கொச்சியில் பொருத்தி ரத்தம் விட்டு, 2.10-க்குக் கீழே இன்னொரு நேரம் எழுதின பிறகுதான் கேன்டீனுக்குப் போனோம், அதற்குள் சாயா தீர்ந்துபோய் பாலில்லாத கட்டன்தான் இருந்தது.